மூன்றாவது அழைப்பு

சராப் ஊரில் யார் வீட்டிலாவது ஒரு வாய் சாப்பிட வேண்டுமென்றால், முதலில் இரண்டு முறை வேண்டாமென்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்காரி "உட்காருங்க, சாப்பிடுங்க" என்பாள். "இப்பதான் சாப்பிட்டு வரேன்" என்று வயிற்றைத் தடவிக் காட்ட வேண்டும். மறுபடியும் கூப்பிடுவாள். "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று எழுந்து போவதுபோல் பாவனை செய்ய வேண்டும். மூன்றாவது முறையும் கூப்பிட்டுக் கையைப் பிடித்து இழுத்தால், அதுதான் அழைப்பு. அதற்குப் பிறகு நிம்மதியாகச் சம்மணம் போட்டுச் சாப்பிடலாம். மூன்றாவது முறை கூப்பிடவில்லை என்றால் அடுப்பில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். செருப்பைத் தேடிக்கொண்டு மரியாதையாகக் கிளம்பிவிட வேண்டும். ரோஷம் கெட்டவர்கள்தான் முதல் அழைப்பிலேயே உட்காருவார்கள்.

தூரான் இந்தக் கலையில் கரைகண்டவள். முதல் தடவையிலேயே அவள் வாயிலிருந்து "சரி" என்று வந்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை. யதுல்லாவைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று மௌலவி கேட்டபோதும் எல்லா மணப்பெண்களையும்போல மூன்றாவது கேள்விக்குத்தான் தலையாட்டினாள். மற்ற பெண்கள் கல்யாணத்தோடு அதை விட்டுவிட்டார்கள். தூரான் ஒரு குவளைத் தண்ணீருக்கும் அதையே கடைப்பிடித்தாள்.

நாற்பத்தெட்டு வயது. பிள்ளை குட்டி இல்லை. மேல்தெரு முழுவதும் அவள் கையால் சுட்ட ரொட்டியைத்தான் சாப்பிடும். மாவு பிசைந்து பிசைந்து மணிக்கட்டு ஆண்பிள்ளைக்குப்போல் தடித்துக் கிடக்கும். தந்தூரி அடுப்புக்குள் குனிந்து குனிந்து புருவத்தில் பாதி எப்போதும் கருகியிருக்கும். அஸ்னா சந்தை, கொர்ரமாபாத் ஆஸ்பத்திரி, இந்த இரண்டையும் தாண்டி அவள் ஓர் ஊரைப் பார்த்ததில்லை. அதை ஒரு குறையாகவும் நினைத்ததில்லை, நாஹித் வரும்வரை.

நாஹித் தெஹ்ரான்காரி. போன கோடையில் மலை மேலிருக்கும் ஏரியைப் பார்க்கப் புருஷனோடு வந்தவள், இறங்கும் வழியில் கால் பிசகிக் கழுதை மேல் ஊருக்குள் வந்து சேர்ந்தாள். வழியில் முதல் வீடு தூரானுடையது. முட்டைக்கருவில் மஞ்சளைக் குழைத்துக் கணுக்காலில் பற்றுப்போட்டுத் துணியைச் சுற்றிக் கட்டினாள் தூரான். வீக்கம் வடியும்வரை விருந்தாளிகள் அந்த வீட்டிலேயே தங்கினார்கள். நாஹிதின் புருஷன் எஞ்சினியர். அவர் யதுல்லாவோடு வாதுமைத் தோப்புக்குப் போய் உட்கார்ந்துகொண்டு தெஹ்ரானில் ஓடும் இரண்டு மாடி பஸ்ஸைப் பற்றிச் சொல்வார். யதுல்லா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

நாஹித் காலை நீட்டிக்கொண்டு அடுப்படியிலேயே கிடந்தாள். "உங்களுக்கு என்னக்கா ரொம்பப் பிடிக்கும்?" என்று ஒருநாள் கேட்டாள். அப்படி ஒரு கேள்வியைத் தூரானிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. யோசித்து யோசித்து ஒரு ரொட்டியைக் கருகவிட்டாள். அடுத்த நாள், பிறந்த அன்றே போய்விட்ட தன் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருந்தாள் என்பதை நாஹிதிடம் சொன்னாள். அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. நாஹித் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெயரைத் தானும் ஒருமுறை சொல்லிப்பார்த்தாள். அவ்வளவுதான். தூரானுக்கு அவள் மேல் உயிராகிப்போனது.

புறப்படும்போது வாசலில் நின்று நாஹித் சொன்னாள்: "தெஹ்ரானுக்கு வந்தா நம்ம வீட்டுலதான் தங்கணும். வேற எங்கயாவது தங்கினீங்கன்னா உங்களோட பேசவே மாட்டேன்." காய வைத்த மலைக்கீரைப் பொட்டலம் ஒன்றை அவள் பையில் திணித்துவிட்டுத் தூரான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வசந்தத்தில் வரும் நவ்ரூஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு நாஹித் ஃபோன் செய்தாள். ஊரில் இருந்த ஒரே ஃபோன் மஷ்தி கரமுல்லாவின் மளிகைக் கடையில். கடைக்காரர் ஆள் அனுப்ப, தூரான் மாவுக் கையோடு ஓடிவந்து பேசினாள். "எப்பக்கா வரீங்க?" என்று கேட்டாள் நாஹித். அன்றைக்குத்தான் தூரானுக்குப் பித்தம் தலைக்கேறியது. ரொட்டி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள்.

"வசந்தம் முடியறதுக்குள்ள தெஹ்ரான் போயிட்டு வந்துடலாம்னு இருக்கோம். ரெண்டு ராத்திரிதான். நம்ம நாஹித் வீட்டுலதான். மூணு ரூம் இருக்காம், அதுல ஒண்ணு எங்களுக்குன்னு சொல்லிட்டா."

ஒரு ரூம் உங்களுக்கு என்று நாஹித் சொல்லவே இல்லை. அது தூரானின் கைச்சரக்கு.

யதுல்லா அவளுக்கு மேல். நாற்பது வருஷமாக ஆட்டுக்குப் பின்னால் நடந்த மனுஷன், கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டார். "பஸ்ல மேல் மாடியில, முன்னாடி சீட்டு" என்று ஆட்டிடம்கூடச் சொன்னார். தூரான் தலையிலிருந்து கால்வரை போர்த்தும் சாதர் ஒன்று புதிதாகத் தைக்கத் துணி எடுத்தாள். நாஹிதுக்கென்று ஒரு மண்குடம் நெய் உருக்கினாள். மிக நல்ல வாதுமையாகப் பொறுக்கி உடைத்து வைத்தாள். கடைசி நாள் சுடப்போகும் ரொட்டிக்கு எள்ளும் கருஞ்சீரகமும் தனியாக வாங்கினாள். பயணம் இரண்டு நாள், ஏற்பாடு இரண்டு மாதம்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள் இஷ்ரத். தூரானின் ஓர்ப்படியாள், யதுல்லாவின் தம்பி பெண்டாட்டி. நாக்கை வைத்தே வாதுமையை உடைப்பாள். ஒருநாள் அடுப்பைச் சுற்றிப் பெண்கள் ரொட்டிக்குக் காத்திருந்தபோது ஆரம்பித்தாள்.

"ஏன் தூரான், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அந்தத் தெஹ்ரான்காரி உன்ன எத்தன தடவ கூப்பிட்டா?"

"எத்தன தடவன்னா?"

"அட, எண்ணிச் சொல்லேன்."

"போறப்ப வாசல்ல கூப்பிட்டா. அப்புறம் நவ்ரூஸுக்கு ஃபோன்ல."

இஷ்ரத் மாவு ஒட்டிய இரண்டு விரலை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள். "ரெண்டு! அடியே, பேச்சுக்கு வாங்கன்னா பெட்டியக் கட்டிடறதா? கால் சுளுக்கிக் கெடந்தவ, ஓசியில சாப்பிட்டவ, போறப்ப வேற என்ன சொல்லுவா? 'வராதீங்க'ன்னா சொல்லுவா? நீ பாட்டுக்கு நெய்க்குடத்தத் தூக்கிட்டுப் போய் நின்னு, அவ கதவத் தொறந்து 'நீங்க யாரு'ன்னு கேட்டான்னு வையி. சராப் மானம் தெஹ்ரான் வரைக்கும் போகும்."

பெண்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, சிரிப்பு வந்தது, சிரித்தார்கள். தூரானும் சேர்ந்து சிரித்தாள். அடுப்புக்குள் குனிந்த முகம் தீயால் சிவந்ததா வேறெதாலோ சிவந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. முதல் அழைப்பிலேயே உட்கார்ந்துவிடும் ரோஷம் கெட்டவள் ஆகிவிட்டோமா என்று சந்தேகம் வந்தது. அதைவிட மோசமான சந்தேகம் இன்னொன்று. அந்த அடுப்படிப் பேச்சு, அந்தக் கேள்வி, பிள்ளையின் பெயர், எல்லாமே சுளுக்கிய காலோடு கிடந்தவள் பொழுது போகாமல் செய்த உபசாரம்தானா?

மூன்றாவது அழைப்பு வேண்டும், பழைய இரண்டையும் தள்ளிவிட்டு, முதலிலிருந்து முறைப்படி. அது வந்துவிட்டால் இஷ்ரத்தின் வாயும் அடைபடும், தன் மனசும் அடங்கும். மறுநாளே கடைக்குப் போனாள்.

அவள் கெட்ட நேரம், கடையில் நல்ல கூட்டம். தேயிலை வாங்குகிற சாக்கில் இஷ்ரத்தும் பின்னாலேயே வந்து நின்றாள். மஷ்தி கரமுல்லா எண்ணைச் சுழற்றி ரிசீவரைக் கொடுத்தார். ஃபோனுக்குப் பக்கத்திலிருந்த சின்னப் பெட்டியில் நிமிஷக் கணக்கு ஓட ஆரம்பித்தது.

"தூரான் அக்காவா! எப்படியிருக்கீங்க? யதுல்லா அண்ணன் எப்படியிருக்கார்?"

நலம் விசாரித்து முடிந்ததும் தூரான், பெயரோடு மரியாதைக்கு ஒரு 'கானும்' சேர்த்து, விஷயத்துக்கு வந்தாள். "வர்ற புதன்கிழமை ரயில்ல தெஹ்ரான் வரோம் நாஹித் கானும். சும்மா ரெண்டு நாள். தகவல் சொல்லலாம்னுதான் போட்டேன்."

"ஐயோ, எவ்வளவு சந்தோஷம்! நேரா நம்ம வீட்டுக்கு வந்துருங்க. உங்க பாதம் எங்க கண்ணு மேல."

"வேண்டாம் வேண்டாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"என்னக்கா சிரமம்? வீடு சும்மாதானே கெடக்கு. வாங்க."

இரண்டு. இன்னும் ஒரே ஒரு படி. அதற்கு மேல் நாஹித் கையைப் பிடித்து இழுப்பாள், இவள் "உங்க அன்புக்கு முன்னாடி என்ன சொல்றது" என்று இறங்கி வருவாள். பிறந்ததிலிருந்து நடந்து பழகிய வழி. கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தாள்.

"இல்ல, உண்மையாவே வேண்டாம். யதுல்லாவோட மாமா மகன் அங்கதான் இருக்கார். அவங்க வீட்டுல தங்கிக்கறோம்."



"அப்படியா..." என்றாள் நாஹித். குரல் இறங்கியிருந்தது. "சரிக்கா. சொந்தக்காரங்க இருக்கறப்ப நான் கட்டாயப்படுத்தக் கூடாது. உங்களுக்கு எது வசதியோ அப்படிச் செய்யுங்க. வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்காவது வந்துருங்க, என்ன?"

"உங்க நிழல் குறையாம இருக்கட்டும்" என்றாள் தூரான். அது எல்லாக் கேள்விக்கும் பதில், எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. வணக்கம், போய்வருகிறேன், அண்ணனுக்குச் சலாம், எல்லாம் ஆயிற்று. மறுமுனை வைக்கப்பட்டது. காதுக்குள் ஊ என்று ஒரே சத்தம்.

தங்கச் சொல்ல மனமில்லாதவர்கள்தான் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள். அது சராபில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. இஷ்ரத் தேயிலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூரான் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை.

"என்னது?" என்றாள், உயிரில்லாத ஃபோனுக்குள். "ஐயையோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. அவங்க வீடும் எங்க வீடுதான். ஆங்? ...ஐயோ, எதுக்கு அழறீங்க? நாஹித் கானும், அழாதீங்க. சரி, சரி. உங்க மனசு நோகக் கூடாது. மாமா மகன்கிட்ட நான் சொல்லிக்கறேன். உங்க வீட்டுக்கே வரோம்."

வைத்துவிட்டுத் திரும்பினாள். "அழுதுட்டா" என்றாள் பொதுவாக. கடையில் இருந்தவர்கள் "மாஷா அல்லா, நல்ல மனசு" என்றார்கள். இஷ்ரத் வாயைத் திறக்கவில்லை. மஷ்தி கரமுல்லா கணக்குப் பெட்டியைப் பார்த்தார். அதில் ஓடிய எண் எப்போதோ நின்றுபோயிருந்தது. அவர் நின்ற எண்ணுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். அப்போது ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, உடனே பார்வையைச் சர்க்கரை மூட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டார். தூரான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறினாள். வீட்டுக்கு வந்து மாவுப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாதரைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டாள். வெட்கத்துக்கு வாசனை உண்டென்றால் அது புளித்த மாவின் வாசனையாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

வயிற்றுவலி என்று படுத்துவிடலாமா என்று பார்த்தாள். ஆனால் யதுல்லா அஸ்னாவுக்குப் போய் முகச்சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். மீசையைக்கூடக் கத்தரித்திருந்தார். "நல்லா இருக்கா?" என்று கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வாய்வரை வந்த வயிற்றுவலியை விழுங்கிவிட்டாள்.

பயணம் போகிறவர்கள் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது வழக்கம். தூரானும் போனாள். "பொறுத்துக்கங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் இரண்டிரண்டு முறை சொன்னாள். ஊரார் அதைப் பயணத்தின் பூரிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். புதன்கிழமை காலையில் தெருவே திரண்டு வந்தது. குர்ஆனைத் தலைக்கு மேல் பிடித்து இருவரையும் அதன் அடியில் நடக்கவைத்தார்கள். வண்டி நகர்ந்ததும் பின்னால் தண்ணீர் தெளித்தார்கள். தெளித்தவள் இஷ்ரத். கிண்ணத்தில் ஒரு பச்சை இலைகூடப் போட்டிருந்தாள். "பத்திரமா போயிட்டு வாங்க. எனக்கு ஒரு தலைத்துணி, மறந்துடாத" என்று கத்தினாள்.

ரயில் அராக் ஸ்டேஷனைத் தாண்டும்வரை தூரான் நெய்க்குடத்தை மடியிலிருந்து இறக்கவில்லை. யதுல்லா ஜன்னலோரம் உட்கார்ந்து கோட்டில் சாம்பல் விழாமல் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். "அந்த பஸ்ல ஏற தனி டிக்கெட்டா இருக்குமோ?" என்றார்.

"ஏங்க."

"ம்?"

"அவ நம்மள தங்கச் சொல்லல."

அவர் திரும்பிப் பார்த்தார். தூரான் மடியிலிருந்த நெய்க்குடத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு விரல், மாமா மகன், செத்த ஃபோன், அழுதது, எல்லாம். சொல்லச் சொல்ல அவள் குரல் சின்னதாகிக்கொண்டே போனது.

"எனக்கு மாமாவே கெடையாதே" என்றார் யதுல்லா.

"தெரியும்."

"சரி, ஏதாவது சத்திரத்துல தங்கிக்கலாமே? தெஹ்ரானுக்குப் போயிட்டா பஸ்ஸாவது..."

"முடியாதுங்க. வியாழக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கா. போனா மாமா மகன் வீடு எந்தத் தெருன்னு கேப்பா. போகலேன்னா, அந்த ஊருல அவ எதிர்ல வந்துடுவாளோன்னு சந்து சந்தா ஒளியணும். என்னால ஆகாது. வழியில கோம்ல எறங்கிடுவோம். தர்காவுக்கு வந்தவங்களோட ஒண்ணாக் கெடப்போம். அங்க நம்மள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

யதுல்லா சிகரெட்டை அணைத்தார். "சரி. தர்கா ஜியாரத்தும் புண்ணியம்தான்" என்றார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தூரானுக்கு ஆறியிருக்கும்.

கோமில் யாத்திரிகர்கள் தங்கும் சத்திரம் ஒன்றில் பாய் விரித்தார்கள். மஃசூமா அம்மையார் தர்காவின் வெள்ளிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் நோய் தீர, பிள்ளை பிறக்க வேண்டிக்கொண்டிருக்கையில், தூரான் வேண்டியது ஒன்றே ஒன்று: என் மானத்தைக் காப்பாத்து தாயே. வேண்டி முடித்ததும் அதற்கும் வெட்கமாயிருந்தது. நாஹிதுக்கென்று எள்ளும் கருஞ்சீரகமும் தூவிச் சுட்ட ரொட்டியை முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நேர்ச்சை என்று சொல்லிப் பிட்டுக் கொடுத்தாள். வாதுமையும் போயிற்று. நெய்க்குடம் சத்திரக்காரன் பெண்டாட்டிக்கு. "என்ன மணம்! உங்க கை வலிக்காம இருக்கட்டும்" என்று அவள் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டாள். அதுவும் முதல் தடவையிலேயே.

யதுல்லா வியாழக்கிழமை மத்தியானம் சாலையோரம் நின்று பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே மாடி.

ஊருக்கு எதை வாங்கிப் போவதென்பது அடுத்த தலைவலி. கோமில் நல்லதென்று இருப்பது அந்த ஊர் சோஹான் மிட்டாய். அதன் டப்பாவைப் பார்த்தால் எங்கே போய்வந்தார்கள் என்று ஊரில் பிறந்த குழந்தையும் சொல்லிவிடும். தலைத்துணிகள் வாங்கினாள். அவை சுற்றியிருந்த தாளிலும் கடையின் பெயரும் ஊரின் பெயரும் அச்சிட்டிருந்தன. ரயில் நிலையத்தின் மூலையில் திரும்பி நின்று ஒவ்வொன்றாகத் தாளை உரித்துக் கசக்கிப் போட்டாள். திருடிய பொருளை மறைக்கிறவள் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

திரும்பி வந்த அன்றே பக்கத்து வீட்டார் பார்க்க வந்துவிட்டார்கள். பயணம் போய் வந்தவர்களைப் போய்ப் பார்ப்பதும் வழக்கம்தானே. அறை நிறைந்துவிட்டது. தூரான் ரயிலில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஆரம்பித்தாள். வீடுகள் மலை மாதிரி. தெருவைக் கடக்கவே பயம். நாஹித் கானும் தரையில் கால் வைக்க விடவில்லை, அப்படித் தாங்கினாள். யதுல்லா தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியா" என்றார்கள். "நல்லது." "கேக்கவே சந்தோஷமா இருக்கு."

ஒருத்தியும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. எப்படிப்பட்ட வீடு, என்ன சமைத்தாள், கடைத்தெருவில் என்ன விலை, ஒன்றும் இல்லை. சராபில் பக்கத்து ஊருக்குப் போய்வந்தாலே குடலை உருவிவிடுவார்கள். தலைத்துணிகளைக் கொடுத்தபோது, "எதுக்கு இதெல்லாம்" என்று இரண்டு முறை மறுத்து மூன்றாவது முறை வாங்கிக்கொண்டார்கள். கண்ணைப் பார்க்கவில்லை. இஷ்ரத் எழுந்து போய்த் தூரானுக்கு ஒரு கோப்பை தேநீர் ஊற்றி, சர்க்கரைக்கட்டியை அவள் கையிலேயே வைத்தாள்.

அப்போதுதான் தூரானுக்குச் சந்தேகம் தட்டியது. இஷ்ரத் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்ததே கிடையாது.

எல்லாரும் போன பிறகு இஷ்ரத் மட்டும் வாசலில் செருப்பைக் காலில் மாட்டாமல் நின்றாள்.

"புதன்கெழம சாயங்காலம் ஃபோன் வந்துச்சு" என்றாள். "நாந்தான் கடையில இருந்தேன். நாந்தான் எடுத்தேன்."

தூரான் கோப்பைகளை அடுக்குவதை நிறுத்தினாள்.

"ஸ்டேஷனுக்கு வந்து நின்னாளாம்டி. நீ வேண்டாம்னு சொன்னாலும் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடணும்னு புருஷனையும் கூட்டிக்கிட்டு வந்து நின்னாளாம். வண்டியிலேர்ந்து கடைசி ஆள் எறங்கற வரைக்கும் பாத்துட்டு, பயந்து போய் ஃபோன் போட்டா. 'அக்காவுக்கு ஏதாவது ஆயிடுச்சா'ன்னு கேட்டு அழுதா. நெசமாவே அழுதா. மஷ்திதான் வாங்கி, வழியில தர்காவுல எறங்கியிருப்பாங்க, ஒண்ணும் ஆகாதுன்னு சமாதானம் சொன்னாரு. மறுநாளும் போட்டா. சாப்பாடு பண்ணி வச்சிருந்தாளாம்."

சொல்லிவிட்டு அவள் ஏதோ சேர்த்துச் சொல்ல வந்தாள். வரவில்லை. தனக்குக் கிடைத்த தலைத்துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தூரான் நின்ற இடத்திலேயே நின்றாள். ஊர் முழுக்கத் தெரியும். தெரிந்துகொண்டே உட்கார்ந்து அவள் பொய்யைக் கேட்டுத் தலையாட்டி, "சந்தோஷமா இருக்கு" என்றிருக்கிறார்கள். அதுகூடப் பொறுக்க முடிந்தது. முகம் தெரியாத கூட்டத்தில் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு நாஹித் நின்றாள் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. தான் சந்தேகப்பட்டது இஷ்ரத்தின் பேச்சைக் கேட்டு அல்ல, தன் கணக்கைக் கேட்டு. இரண்டா மூன்றா என்று எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், எண்ணவே தெரியாமல் ஒருத்தி நடைமேடையில் நின்றிருக்கிறாள்.

"நானும் வரட்டுமா?" என்றார் யதுல்லா. அவள் எங்கே போகப்போகிறாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"வேண்டாம்" என்றாள். இது உபசாரம் இல்லை, நிஜமான வேண்டாம். அவருக்கு அதுவும் புரிந்தது.

கடையில் ஆள் இருந்தார்கள். சற்றுமுன் அவள் வீட்டில் தேநீர் குடித்தவர்களில் பாதிப்பேர் அங்கேதான் நின்றார்கள். அவள் நுழைந்ததும் எல்லாருக்கும் திடீரென்று பருப்பு விலையில் அக்கறை வந்தது. மஷ்தி கரமுல்லா கேட்காமலேயே எண்ணைச் சுழற்றிக் கொடுத்தார்.

"நாஹித்."

"அக்கா! எங்க இருக்கீங்க? நல்லா இருக்கீங்களா? எங்க போனீங்க?"

"ஊருலதான் இருக்கேன்." பின்னால் பருப்பு விலை நின்றுபோனது. "நாங்க தெஹ்ரானுக்கு வரல நாஹித். கோம்லயே எறங்கிட்டோம். தெஹ்ரான்ல எங்களுக்கு யாரும் இல்ல. மாமா மகனும் இல்ல, ஒருத்தரும் இல்ல. பொய் சொன்னேன். நீ இன்னொரு தடவ கூப்பிடுவேன்னு பாத்தேன். நீ கூப்பிடல. வெக்கமாப் போச்சு. அதுக்கப்புறம் செத்த ஃபோன்ல பேசி, நீ அழுத மாதிரி இங்க எல்லார்கிட்டயும்..." அதற்கு மேல் முடியவில்லை.



"நீங்க ரெண்டு தடவ வேண்டாம்னீங்க" என்றாள் நாஹித் மெதுவாக. "எங்க வீட்டுல தங்க உங்களுக்குத்தான் இஷ்டமில்லையோன்னு நெனச்சேன். பட்டணத்து வீடு, உங்க வீடு மாதிரி இருக்காதேன்னு எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு. வச்சதுக்கப்புறம் மனசு கேக்கல. அதான் ஸ்டேஷனுக்கு வந்தேன்."

"இஷ்ரத் சொன்னா."

"ரொம்ப நேரம் நின்னேன்க்கா."

தூரானுக்குச் சொல்ல ஒரு உபசாரமும் கிடைக்கவில்லை. இத்தனை வருஷம் கைவசம் வைத்திருந்த கண்ணு, பாதம், நிழல் எல்லாம் அந்த நேரத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை. வாயில் வந்ததைக் கேட்டாள்.

"என்ன சமைச்சிருந்த?"

"நீங்க குடுத்தீங்களே, அந்த மலைக்கீரை. ஒரு வருஷமா எடுத்து வச்சிருந்தேன், நீங்க வந்தா பண்ணணும்னு."

"நல்லா வந்துச்சா?"

"இல்லக்கா. கசந்துடுச்சு."

"ராத்திரியே ஊறப்போட்டு, அந்தத் தண்ணிய வடிச்சுடணும்" என்றாள் தூரான். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சாதரின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். "நாஹித். அவருக்கு அந்த ரெண்டு மாடி பஸ்ல மேல ஏறி உக்காரணுமாம். எனக்கு உன் வீட்டுல ரெண்டு நாள் தங்கணும். வரட்டுமா?"

கடையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. சராபில் யாரும், செத்துப்போகிற பசியிலும், யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. தூரானுக்குக் காது மடல்வரை எரிந்தது. யார் முகத்தையும் பார்க்கவில்லை. கணக்குப் பெட்டியில் எண் ஓடிக்கொண்டிருப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க" என்றாள் நாஹித்.

ஒரே ஒரு முறைதான் சொன்னாள். தூரான் "சரி" என்றாள்.